விர்ஷ் காட்டும் அட்டவணையை நம்பி ஸ்கிரிப்ட் எழுதாதீர்கள்

கீழக்கரையிலோ பாம்பனிலோ ஒரு சிறு அலுவலகம். ஒரே சர்வரில் கேவிஎம் (ஒரு கணினிக்குள் பல கணினிகளை ஓடவிடும் லினக்ஸ் வசதி), அதற்குள் நாலைந்து விர்ச்சுவல் மெஷின்கள். கரண்ட் போனால் யுபிஎஸ் பத்து நிமிடம் தாங்கும் என்றால், அதற்குள் எல்லாவற்றையும் ஒழுங்காக அணைக்க ஒரு ஸ்கிரிப்ட் வேண்டும்.

பலரும் ஷெல்லில், இந்த மெஷின்களை நிர்வகிக்கும் விர்ஷ் என்ற கட்டளைக் கருவியின் 'விர்ஷ் லிஸ்ட்' தரும் அட்டவணையை வெட்டிப் பெயர்களை எடுக்கிறார்கள். அந்த அட்டவணை மனிதர் படிப்பதற்கு. 2018-இல் அதன் பத்தி அகலமே மாறியது. லோகேல் (கணினியின் மொழி அமைப்பு) மாறினால் சொற்களும் மாறும். பெயர் கிடைக்காவிட்டால் லூப் ஒருமுறைகூடச் சுற்றாது. ஸ்கிரிப்டோ பிழை காட்டாமல் முடிந்துவிடும். பேட்டரி தீரும்வரை மெஷின்கள் ஓடிக்கொண்டிருக்கும். தவறு நடந்ததே தெரியாது என்பதுதான் இதில் மோசம்.

விர்ஷுக்கு அடியில் இருப்பது லிப்விர்ட்: மெஷின்களை நிர்வகிக்க 2005-இல் தொடங்கிய சி மொழி நூலகம். வெளியிட்ட ஃபங்ஷனை அதை உருவாக்குபவர்கள் மாற்றுவதில்லை; புதிய தேவைக்குப் புதிய ஃபங்ஷனைச் சேர்க்கிறார்கள். மெஷின்களை ஓட்டும் கியூஎமு என்ற நிரலோடு நேரே பேசும் கியூஎம்பி என்ற நெறிமுறையில், கைவிடப்போவதாக அறிவித்த வசதி இரண்டு வெளியீடுகளுக்குப் பின் நீக்கப்படலாம். அதனால் லிப்விர்ட் வழியே போவதே நல்லது.

மொழி? பைத்தான். ராமநாதபுரத்தில் அடுத்து அதைத் திறந்து பார்ப்பவருக்கும் புரியும். லிப்விர்ட்டின் பைத்தான் நூலகத்தைப் பிப்பில் (பைத்தானின் பேக்கேஜ் நிறுவி) போடாமல் டிஸ்ட்ரோவின் (உங்கள் லினக்ஸ் வகையின்) பேக்கேஜையே போடுங்கள்; கம்பைல் தொல்லை இல்லை. கோ மொழியில் எழுதினால் ஒரே பைனரி போதும் என்று எண்ண வேண்டாம்: லிப்விர்ட்டின் சொந்த கோ பைண்டிங் (இணைப்பு நிரல்) சி நூலகத்தையே அழைக்கிறது.

'ஷட்டவுன்' அழைப்பு பவர் பட்டனை அழுத்திய சைகையை அனுப்பிவிட்டு உடனே திரும்பிவிடும். மெஷின் அணைந்துவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. 2 நொடிக்கு ஒருமுறை நிலையைக் கேளுங்கள். 180 நொடியிலும் அடங்காததை 'மேனேஜ்டு சேவ்' (நினைவகத்தை வட்டில் எழுதிவிட்டு நிறுத்துதல்) செய்யுங்கள். 8 ஜிபி நினைவகத்தை நொடிக்கு 100 எம்பி வேகத்தில் எழுத 80 நொடி ஆகும். அதையும் பேட்டரிக் கணக்கில் சேருங்கள். பிசிஐ கார்டை நேரடியாகக் கொடுத்த மெஷினுக்கு இது செல்லாது.

மண்டபம் ஊரிலிருந்து தொலைவில் உள்ள சர்வரை நிர்வகித்தால் கீப்-அலைவ் (இணைப்பு உயிரோடிருக்கிறதா என்று அவ்வப்போது கேட்கும் செய்தி) கட்டாயம். உப்புக்காற்றில் ஆர்ஜே45 முனை களிம்பேறி இணைப்பு சத்தமில்லாமல் அறுந்தால், அழைப்பு பதிலின்றித் தொங்கும். இடைவெளி 5 நொடி, எண்ணிக்கை 3 என்று வைத்தால் 20 நொடியில் இணைப்பு மூடப்படும். ஆனால் இணைப்பைத் திறக்கும் முன்பே ஈவென்ட் லூப்பைப் (நிகழ்வுகளைக் கவனிக்கும் சுழற்சி) பதிவுசெய்து, தனி த்ரெட்டில் ஓடவிட வேண்டும்.

சோதிக்க லிப்விர்ட்டின் டெஸ்ட் டிரைவர் (உண்மையான மெஷின் இல்லாமல் பாவனை செய்வது) இருக்கிறது. அதில் மெஷின்கள் உடனே அணைந்துவிடுவதால் காத்திருக்கும் பகுதி சோதனைக்கே வராது. அதற்கு ஓஎஸ் இல்லாத வெற்று மெஷின் ஒன்றை உண்மையான சர்வரில் ஓடவிடுங்கள். அது ஷட்டவுன் சைகைக்கு அசையாது.