வெள்ளைத்தாள் இயந்திரம்

களியக்காவிளைக்கு அருகில் ஓர் அரசுப் பள்ளியில் ஆசிரியராக இருந்த எனக்கு, 2021 ஏப்ரல் 6 அன்று வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் பணி நாகர்கோவில் நகருக்குள், கோட்டாற்றுக்கும் இடலாக்குடிக்கும் இடைப்பட்ட ஒரு பள்ளிக்கூடத்தில் கிடைத்தது. சொந்தத் தொகுதியில் பணி தரமாட்டார்கள் என்பதால் கேரள எல்லையோரத்துக்காரர்கள் பலரும் அப்படிக் கிழக்கே வந்திருந்தோம். தமிழ்நாடு முழுவதும் அன்று சட்டமன்றத் தேர்தல். கன்னியாகுமரியில் மட்டும் அதனோடு மக்களவை இடைத்தேர்தலும் சேர்ந்திருந்தது. 2020 ஆகஸ்ட் 28 அன்று எச்.வசந்தகுமார் கொரோனாவால் இறந்ததிலிருந்து தொகுதிக்கு உறுப்பினர் இல்லை. ஆறு மாதத்துக்குள் நிரப்ப வேண்டிய இடம், நோய்த்தொற்றுக் காலத்தில் ஏழு மாதம் கடந்தும் காலியாகவே இருந்தது.

ஒரே அறையில் இரண்டு மறைப்புகள். வெள்ளை வாக்குத்தாள் பொருத்திய இயந்திரம் மக்களவைக்கு, இளஞ்சிவப்புத் தாள் பொருத்தியது சட்டமன்றத்துக்கு. விடியற்காலையில் வேட்பாளர்களின் முகவர்கள் முன்னிலையில் மாதிரி வாக்குப்பதிவு நடத்தி, அதை அழித்து, முத்திரையிட்டு, சரியாக ஏழு மணிக்குத் தொடங்கினோம். கோட்டாறு கம்போளம் சந்தையில் சுமை தூக்குகிறவர்கள் வேலைக்கு நடுவே வியர்வையோடு வந்தார்கள். சவேரியார் கோயில் பக்கத்துக் குடும்பங்கள், இடலாக்குடி இஸ்லாமியப் பெண்கள், தங்களுக்குள் மலையாளம் பேசிக்கொண்ட ஒரு தம்பதி என்று எல்லோரும் ஒரே வரிசையில் நின்றார்கள். பர்தா அணிந்து வருகிறவர்களின் முகத்தைத் திரைக்குப் பின்னால் பெண் அலுவலர் சரிபார்க்கும் ஏற்பாட்டை முந்தின இரவே செய்துவைத்திருந்ததால் யாருக்கும் மனவருத்தம் ஏற்படவில்லை. இடக்கை விரலில் மை, வலக்கைக்குப் பாலித்தீன் கையுறை.

நான் தவறியது முதல் மணி நேரத்திலேயே. வயதான ஓர் அம்மா வெள்ளைத்தாள் இயந்திரத்தின் முன் வெகுநேரம் நின்றார். பீப் ஒலி வரவில்லை. பிறகு தலையை மட்டும் வெளியே நீட்டி, "மக்களே, நான் பாக்குற சின்னத்தக் காணல்லியே" என்றார். ஒரே அணியில் நாகர்கோவில் சட்டமன்றத்துக்குத் திமுகவும் மக்களவைக்குக் காங்கிரசும் போட்டியிட்ட நிலையில், ஒன்றில் இருக்கும் சின்னம் மற்றொன்றில் இல்லாமல் போவது இயல்புதான். ஆனால் கூட்டணியைப் பற்றி நான் ஒரு சொல்லும் சொல்லக்கூடாது. இறந்த உறுப்பினரின் மகனே வேட்பாளராக நின்றதால், யாருடைய இடத்துக்கு இந்தத் தேர்தல் என்று சொல்வதுகூடப் பிரசாரமாகிவிடும் என்று அஞ்சினேன். முகவர்கள் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இருக்கிறதைப் பார்த்துப் போடுங்கம்மா" என்று மட்டும் சொன்னேன். அவர், "அப்பம் எனக்கு இது வேண்டாம், அடுத்தது போதும்" என்று வெளியே வந்துவிட்டார். பதிவேட்டில் வாக்களிக்க மறுத்ததாகக் குறிப்பெழுதிக் கையொப்பம் வாங்கினோம். சட்டமன்றத்துக்கு மட்டும் வாக்களித்துவிட்டுப் போனார்.

விதிப்படி நான் செய்தது சரி. ஆனால் "இது டெல்லி நாடாளுமன்றத்துக்கு, அது சென்னை சட்டமன்றத்துக்கு, இரண்டும் தனித்தனித் தேர்தல், வேட்பாளர்களும் வேறு வேறு" என்று சொல்ல எந்த விதியும் தடையாக இருக்கவில்லையே! அந்த மறுப்பு, அவர் விவரம் தெரிந்து எடுத்த முடிவாக எனக்குத் தோன்றவில்லை. அதற்குப் பிறகு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வாசலுக்குப் போய், வரிசையில் நிற்கிறவர்களுக்கு அந்த ஒரே வாக்கியத்தை, சொல் மாற்றாமல், முகவர்கள் காதிலும் விழும்படி சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், தம் முதல் ஓட்டே 1969 ஜனவரியில் இதே ஊரில் நடந்த இடைத்தேர்தலில்தான் என்றார். நேசமணி மறைந்து காலியான நாகர்கோவில் தொகுதியில் காமராஜர் நின்று வென்ற தேர்தல் அது. "அண்ணைக்கு ஒரு ஓட்டுதான் சாரே, குழப்பமில்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மாலை ஆறிலிருந்து ஏழுவரை தொற்றாளர்களுக்கான நேரம். பாதுகாப்பு உடையோடு காத்திருந்தோம். முடிந்ததும், பதிவான வாக்குகளின் கணக்கைக் காட்டும் 17சி படிவங்கள் இரண்டை நிரப்பினேன். வாக்களிக்க மறுத்தவர்கள் என்ற இடத்தில் சட்டமன்றப் படிவத்தில் பூஜ்யம், மக்களவைப் படிவத்தில் 1. பிரதி வாங்கிய முகவர் ஒருவர் அந்த ஒன்றைக் காட்டி என்னவென்று கேட்டார், சொன்னேன்.

மே 2 அன்று வசந்தகுமாரின் மகன் விஜய் வசந்த் 1,37,950 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். நாகர்கோவில் சட்டமன்றத் தொகுதியில் பாஜகவின் எம்.ஆர்.காந்தி வென்றார். ஒரு வாக்கால் எதுவும் மாறியிருக்காது என்று உடன் பணியாற்றியவர்கள் தேற்றினார்கள். எனக்கு அது ஆறுதலாகப் படவில்லை.

2024 ஏப்ரல் 19 அன்று எங்கள் விளவங்கோட்டில் மக்களவைத் தேர்தலோடு சட்டமன்ற இடைத்தேர்தல் வந்தபோது, ஓய்வு பெற்றுவிட்ட நான் வாக்காளனாக வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற பாட்டி, "ரெண்டு ஓட்டா?" என்று கேட்டார். தலைமை அலுவலராக இருந்த இளம்பெண் நாற்காலியை விட்டு எழுந்து வந்து, எந்த மறைப்பு எதற்கென்று கைகாட்டி, பாட்டி தலையாட்டும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.