கண்கட்டியும் அம்மாவின் நாமக்கட்டியும்

ஆடி மாதத்துக் கச்சான் காற்று எங்கள் மண்டபம் ஊரின் தெருக்களில் மணலை வாரி இறைக்கத் தொடங்கினால், எங்கள் தெருவில் யாராவது ஒருவர் கண்ணைப் பொத்திக்கொண்டு நடப்பதைப் பார்க்கலாம். இந்த ஆண்டு அந்த ஒருவன் நான். இடது கண்ணின் மேலிமையில், ஒரு மயிரின் அடியில், பாசிப்பயறு அளவில் சிவந்து வீங்கிய கட்டி, ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் சுருக்கென்று வலித்தது. "உடம்புச் சூடுதாண்டா, நாமக்கட்டியை உரசிப் போடு, அமுங்கிரும்" என்றார் அம்மா. போட்டேன். இரவில் அது காய்ந்து பொடியாக உதிர்ந்து கண்ணுக்குள் விழுந்ததில், காலையில் விழியும் சேர்ந்து சிவந்திருந்தது.

உடல் சூட்டைத் தணிக்க நுங்கும் இளநீரும் சாப்பிடுவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கண்கட்டியை உண்டாக்குவது பெரும்பாலும் நம் தோலிலேயே குடியிருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் என்னும் பாக்டீரியாதான். இமைமயிரின் வேரை ஒட்டியுள்ள சிறு சுரப்பியின் வாய் அடைபட்டு, அங்கே இந்தக் கிருமி பெருகும்போது சீழ் வைக்கிறது. மணல் உறுத்துகிறது என்று, கருவாடு புரட்டிய கையைக் கழுவாமல் கண்ணைக் கசக்குவது அதற்கு நாமே வாசல் திறந்துவிடுவதாகும்.

என் அக்கா மகளுக்கு வந்தது வேறு வகை. இமைக்குள் வரிசையாக அமைந்திருக்கும் மெய்போமியன் சுரப்பிகள் (மேலிமையில் சுமார் 25 முதல் 40 வரை இருக்கும்) கண்ணீர் விரைவில் ஆவியாகாமல் காக்கும் எண்ணெயைச் சுரக்கின்றன. அந்த எண்ணெய் கெட்டிப்பட்டு வழி அடைத்துக்கொண்டால், வலியில்லாத, பட்டாணி போல உருளும் கட்டி உருவாகிறது. இதைக் கலேசியான் என்கிறார்கள். அவளுக்கு இரண்டு மாதமாகியும் கரையாததால், ராமநாதபுரத்தில் ஒரு கண் மருத்துவர் இமையை மரத்துப்போகச் செய்து, அதைப் புரட்டி உட்புறமாகக் கீறிச் சுரண்டி எடுத்தார். வெளியே தழும்பே இல்லை.

இரண்டுக்கும் முதல் வைத்தியம் ஒன்றுதான்: வெந்நீர் ஒத்தடம். சூட்டினால் வந்தது என்று நாம் குளிர்விக்கப் பார்க்கும் கட்டிக்கு மருந்தே இளஞ்சூடு என்பது எனக்கே வேடிக்கையாக இருந்தது. விரலை உள்ளங்கையில் தேய்த்து இமையில் ஒற்றும் நம் ஊர்ப் பழக்கத்தில் பாதி நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தச் சூடு சில நொடிகூட நிற்பதில்லை, விரலின் அழுக்கோ ஒட்டிக்கொள்கிறது. ஒத்தடத் துணியும் இரண்டு நிமிடத்தில் ஆறிவிடுமாதலால், நான் வெந்நீர்ச் சொம்பை அருகிலேயே வைத்துக்கொண்டு, பழைய வேட்டித் துண்டை நாலாக மடித்து நனைத்துப் பிழிந்து, மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துச் சூடு பார்த்தபின் மூடிய கண்மேல் வைத்தேன். ஆற ஆற மறுபடி நனைத்து, ஒரு வேளைக்குப் பத்து நிமிடமாக நாளுக்கு நான்கு வேளை செய்தேன். கட்டியைப் பிதுக்கக் கூடாது, குணமாகும் வரை மையும் வேண்டாம். வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் சொட்டு மருந்தை எடுத்து ஊற்றுவதைத்தான் நான் எல்லாவற்றையும் விட அஞ்சுகிறேன், ஏனென்றால் அதில் ஸ்டீராய்டு இருந்தால் கண்ணின் அழுத்தம் உயரக்கூடும்.

கண்கட்டி பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் அடங்கிவிடும். இமை முழுவதும் வீங்கிக் காய்ச்சல் வந்தாலோ, விழியை அசைக்கும்போது வலித்தாலோ, பார்வை மங்கினாலோ அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். வயதானவர்களுக்கு ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்து, அங்கே இமைமயிரும் உதிர்ந்தால், அது புற்றுநோயா என்று சதையை எடுத்துச் சோதிப்பது அவசியம். அடிக்கடி கட்டி வருபவர்கள் சர்க்கரையையும் பார்த்துக்கொள்வது நல்லது.

என்னுடையது ஆறாம் நாள் காலை ஒத்தடத்தின்போது தானே உடைந்து, துணியில் ஊசிமுனை அளவுக்கு மஞ்சள் கறையாக ஒட்டியது. அதை வாங்கிப் பார்த்த அம்மா, "பார்த்தியா, சூடெல்லாம் வெளியேறிருச்சு" என்றார்.