மிதித்தால் அடங்கும் பெடல்

நேற்று ராத்திரி ஒன்பதரை மணி. பெடல் ஸ்டீல் கிட்டாரை (கிடத்தி வைத்து, கம்பிமேல் உலோகத் துண்டை ஓட்டி வாசிப்பது) டிஜிட்டல் ஆம்ப் மாடலரில், அதாவது ஆம்ப், ஸ்பீக்கர் ஒலிகளை நகலெடுக்கும் பெட்டியில், சொருகியாயிற்று. வால்யூமுக்கு வைத்த எக்ஸ்பிரஷன் பெடலை முன்னால் மிதித்தால் சத்தம் அடங்குகிறது. பாதத்தைப் பின்னால் சாய்த்தால் ஜன்னல் கண்ணாடி நடுங்குகிறது. ஸ்டீல் கிட்டார்க்காரர்களின் வலது காலுக்கு ஒரே ஒரு பழக்கம்தான்: சும்மா இருக்கும்போது குதிகாலில் சாய்ந்து கிடக்கும். ஆக, வாசிக்காமல் உட்கார்ந்திருந்தால் ஊரே அதிரும். உயிரைக் கொடுத்து வாசித்தால் நிசப்தம். அம்மா கதவைச் சாத்திய விதத்திலேயே விஷயம் புரிந்தது. தங்கச்சி மட்டும் எட்டிப் பார்த்து, "நிறுத்தினாதான் கத்துமா இது?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

பேயும் இல்லை, பெடலும் கெடவில்லை. மாடலரில் இந்தப் பெடலைச் சொருகும் எக்ஸ்பிரஷன் ஜாக்கில் மூன்று தொடர்புகள் உண்டு. பெடலுக்குள் நகர்கிற முனையை ஒரு தயாரிப்பாளர் பிளக்கின் நுனியில் இணைப்பார், இன்னொருவர் நடு வளையத்தில் இணைப்பார். இரண்டு பேரும் ஒத்துப்போகாவிட்டால் பெடல் தலைகீழாக வேலை செய்யும், இல்லையென்றால் முழுத் தூரமும் தூங்கிவிட்டுக் கடைசி அரை அங்குலத்தில் மட்டும் விழித்துக்கொள்ளும். அவசரத்துக்கு மோனோ கேபிளைச் சொருகினால் இன்னும் விசேஷம். மருந்து சின்னதுதான்: மாடலரின் பொது அமைப்புகளில் போலாரிட்டி என்று ஒன்று இருக்கும், அல்லது பெடலின் அடிவயிற்றில் ஒரு குட்டி சுவிட்ச் இருக்கும். இரண்டில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். இரண்டையும் மாற்றிவிட்டு, "அப்படியேதான் இருக்கு" என்று புலம்புவது நம்ம வீட்டு வழக்கம்.

அதன்பின் கேலிபரேஷன். குதிகால் முழுக்க, விரல் முழுக்க, இரண்டு கடைசியையும் அழுத்திக் காட்ட வேண்டும். பாதி மனசோடு அழுத்தினால் கடைசிக் கொஞ்சம் சத்தம் எந்தக் காலத்திலும் வராது. அடுத்தது வளைவு, அதாவது பெடல் நகர நகரச் சத்தம் ஏறுகிற விதம். வால்யூம் பிளாக்கில் (மாடலருக்குள் அடுக்கும் ஒவ்வொரு கருவியும் ஒரு பிளாக்) லீனியர், லாக் என்று இரண்டு இருந்தால் இரண்டையும் வாசித்துப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். பழைய பெடலுக்குப் பழகிய காலுக்குப் பெரும்பாலும் லாக்தான் ஒத்துவரும். லீனியரில் பெடல் அசைந்த உடனே சத்தம் குபுக்கென்று கிளம்பிவிடும், மீதித் தூரத்துக்கு வேலையே இருக்காது. ஸ்டீலில் பெடல் என்பது சத்தம் கூட்டும் கருவி இல்லை, மூச்சு. பாதி அழுத்தத்தில் மீட்டி, ஸ்வரம் தேயத் தேய மீதிப் பாதியைக் கொடுத்துக்கொண்டே போவதுதான் அந்த முடிவில்லாத இழுவை. மீட்டும்போதே முழுசாக மிதித்துவிட்டால் பிறகு கொடுக்கக் கையிருப்பு ஏது?

"பழைய பெடலையே வைத்துக்கொள்ளக் கூடாதா?" என்றால், தாராளமாக வைத்துக்கொள்ளலாம். அது 500 கிலோ ஓம் பாட் (மாறும் மின்தடை) உள்ள, மின்சாரம் வேண்டாத பாஸிவ் பெடல். கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்புக்கும் மாடலருக்கும் நடுவில் உட்காரும். ஆனால் பெடலைத் தளர்த்தும்போது கேபிளோடு சேர்ந்து உச்ச ஒலிகளையும் தின்றுவிடும், சத்தம் குறையும்போது ஸ்வரம் போர்வைக்குள் புகுந்த மாதிரி இருக்கும். பெடலுக்கு முன்னால் ஒரு பஃபர் (சிக்னல் தேயாமல் தாங்கும் சுற்று) வைத்தால் சரியாகும். மாடலருக்குள் இருக்கிற பஃபர் இதற்கு உதவாது, அது பெடலுக்கு அப்புறம் வருகிறது. எக்ஸ்பிரஷன் பெடலில் இந்தத் தொல்லையே இல்லை, பிக்கப் ஒலி அதன் வழியே போவதே கிடையாது. பிக்கப் எப்போதும் 1 மெகா ஓம் உள்ளீட்டைத்தான் பார்க்கும். உள்ளீட்டு இம்பிடன்ஸை (பிக்கப் பார்க்கிற அந்த மின்தடையை) ஆட்டோவில் விடாமல் 1 மெகா ஓமில் பூட்டிவிடுவது நல்லது. முதல் பிளாக்காக ஃபஸ்ஸை (ஒலியைக் கரகரப்பாக்கும் எஃபெக்ட்) போட்டதும் ஆட்டோ தானாகக் கீழே இறங்கும். போன வாரம் இருந்த பளபளப்பு எங்கே என்று நாம் கம்பியைத் துடைத்துக்கொண்டிருப்போம்.

இனி பிரிசெட்டுகள், அதாவது தயாராக வரும் ஒலி அமைப்புகள். பெட்டியில் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, பாதிக்கு மேல் எரிமலை, மண்டை ஓடு, டிராகன் வகையறா. ஸ்டீல் என்றதும் மெட்டல் என்று நினைத்துக்கொண்டார்கள் போல. உண்மையில் ஸ்டீல் என்பது இடது கையில் பிடிக்கிற அந்த உருளைத் துண்டின், அதாவது பாரின், பெயர். 1880களின் கடைசியில் ஹவாயில் ஜோசப் கெகுகு என்ற பையன் இரும்பைக் கம்பிமேல் ஓட்டிப் பார்த்ததில் ஆரம்பித்தது என்பார்கள். அந்தப் பையன் நேற்று ராத்திரி முதல் பிரிசெட்டைக் கேட்டிருந்தால் இரும்பைக் கடலில் வீசிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பான்.

பிரிசெட் எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் காலிப் பலகையில் தொடங்குவதுதான் புத்தி. முதல் வேலை, உள்ளீடு அளவு மீறினால் எரிகிற சிவப்பு விளக்கு. சாதாரண சிங்கிள் காயில் பிக்கப் 6 முதல் 8 கிலோ ஓம். பெடல் ஸ்டீல் பிக்கப்போ 17, 18, 20 என்று சுற்றி வைத்திருப்பார்கள். அதன்மேல் கட்டைவிரல் பிக், இரண்டு உலோக விரல் பிக். முதல் தட்டே உள்ளீட்டை முட்டும். குழாய் ஆம்ப் என்றால் கொஞ்சம் முனகிவிட்டுப் பொறுத்துக்கொள்ளும். டிஜிட்டல் உள்ளீடு முட்டினால் பீங்கான் உடைகிற சத்தம்தான். பெடலை முழுக்க மிதித்து, அடிக் கம்பியைக் கட்டைவிரலால் கோபமாகத் தட்டி, மீட்டர் மைனஸ் 12க்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் நடுவில் நிற்கிற மாதிரி சிக்னலைக் குறைக்கும் உள்ளீட்டுப் பேடைப் போட வேண்டும். கோபம் வரவழைக்க நேற்று தனியாக முயற்சி எதுவும் தேவைப்படவில்லை.

ஆம்ப் மாடலில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை: ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் சாயலில் ஏதாவது ஒன்று, பிரைட் சுவிட்ச் அணைத்து, வால்யூம் 3, டிரெபிள் 4, பேஸ் 4. தலைவலி எல்லாம் நடு ஒலிகளில்தான். கிட்டார்க்காரர் கூட்டத்தில் எடுபட நடுவை ஏற்றுவார், ஸ்டீல்காரர் இறக்குவார். பீவி நாஷ்வில் 400 ஆம்ப் வைத்திருந்தவர்களைக் கேட்டால் தூக்கத்திலும் சொல்வார்கள்: மிட் ஷிஃப்டை 800 ஹெர்ட்ஸில் வை, மிட்டைக் கீழே இறக்கு. மாடலரில் பாராமெட்ரிக் ஈக்யூ (வேண்டிய இடத்து ஒலியை மட்டும் ஏற்றி இறக்குவது) ஒன்றைப் போட்டு அதே 800இல் 4 முதல் 6 டெசிபல் குறைத்தால், மூக்கடைத்த ஒலி மறைந்து தொண்டை திறக்கும். பிறகு 2.5 கிலோ ஹெர்ட்ஸ் பக்கம் இரண்டு மூன்று டெசிபல் குறைக்க வேண்டும். E9 என்கிற ஸ்டீல் சுருதி அமைப்பில் மூன்றாவது கம்பி G#, வெறுமனே 415 ஹெர்ட்ஸ். 24ஆவது ஃபிரெட்டுக்குப் போனால் 1661. அதன் முதல் ஓவர்டோன் காதுக்குள் ஊசி ஏற்றுகிற இடத்தில் வந்து விழும். கீழே லோ கட்: E9இன் அடிக் கம்பி 123 ஹெர்ட்ஸ்தான், 80இல் வெட்டினால் ஒன்றும் குறையாது. C6 என்கிற இன்னொரு சுருதி அமைப்புள்ள கழுத்துக்கு அதே அளவை வைத்தால் 65 ஹெர்ட்ஸ் அடிக் கம்பியின் காலை வெட்டின கதை. அங்கே 50க்குக் கீழே இறங்க வேண்டும்.

கேபினெட்டில்தான் பலரும் வழுக்குவது. பெட்டி தருவது பெரும்பாலும் 12 அங்குல ஸ்பீக்கர் நான்கு, மைக்கை வாய்க்குள் திணித்த மாதிரி. ஸ்டீல் காலங்காலமாக 15 அங்குலத்தில் வாழ்ந்த ஜீவன். ஜேபிஎல் D130 வகையறா ஐஆர் (ஸ்பீக்கர் ஒலியின் அளந்தெடுத்த நகல்) கிடைத்தால் விடவே கூடாது. கிடைக்காவிட்டால் மைக்கைக் கூம்பின் நடுவிலிருந்து விளிம்புப் பக்கம் நகர்த்தி, தூரம் கூட்டி, 6 கிலோ ஹெர்ட்ஸில் ஹை கட். மாடலரை நிஜமான கிட்டார் ஆம்பில் சொருகுவதாக இருந்தால் கேபினெட் பிளாக்கை அணைத்துவிட்டு, முன் ஜாக்கை விட்டுப் பின்னால் எஃபெக்ட் ரிட்டர்னில் சொருக வேண்டும். இல்லையென்றால் பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் தலையணை. ஹெட்ஃபோனில் நள்ளிரவு செதுக்கிய ஒலியை நம்பியும் மேடைக்குப் போகக் கூடாது. சத்தம் ஏறினால் காது அடி ஒலியையும் உச்ச ஒலியையும் அதிகமாக எடுத்துக்கொள்ளும். ஒலி ஆய்வாளர்கள் ஃபிளெட்சரும் மன்சனும் 1933இலேயே அளந்து வைத்துவிட்டார்கள்.

நாய்ஸ் கேட்டை அழித்துவிடுங்கள். அணைத்தால் போதாது, அழிக்க வேண்டும். இழுத்து இழுத்து ஸ்வரத்தின் கடைசி நூலைப் பிடித்திருக்கும்போது, இது வெறும் இரைச்சல் என்று முடிவெடுத்துக் கதவைச் சாத்தும். (அம்மாவும் அதே முடிவுதான், ஆனால் அவரை அழிக்கும் பட்டன் இல்லை.) சத்தத்தைச் சமப்படுத்தும் கம்ப்ரெஸரும் வால்யூம் பிளாக்குக்குப் பின்னால் இருந்தால் நாம் குறைக்கக் குறைக்க அது ஏற்றும், பெடலோடு மல்லுக்கட்டு. வேண்டுமென்றால் முன்னால், 2க்கு 1, மூன்று டெசிபலுக்கு மேல் அமுக்காமல். டிலே 350 மில்லிசெகண்ட், ஒன்றரை எதிரொலி, மிக்ஸ் 18 சதவீதம். ரிவெர்ப் இரண்டு விநாடி, முன்தாமதம் 30 மில்லிசெகண்ட். இரண்டும் வால்யூமுக்குப் பின்னால். இதற்குமேல் போனால், பார் மேலே சறுக்கிப் போன பிறகும் பழைய சுருதி அறையிலேயே நின்று புது கார்டோடு சண்டை போடும்.

ட்யூனரைப் பற்றிப் பேசாமல் இருப்பதே மேல். G# கம்பியைக் காதுக்கு இனிமையாக வைத்தால் ட்யூனர் 14 சென்ட் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) குறைவு என்று சிவப்பாக எரியும். பச்சைக்கு ஏற்றினால் கார்ட் புளிக்கும். சிலவற்றில் கம்பிக்குக் கம்பி ஆஃப்செட் உண்டு, பெரும்பாலும் ஆறு கம்பிக்கு. நம்மிடம் இருப்பது பத்து.

இன்னொரு கணக்கும் இடிக்கிறது. இடது கையில் பார், வலது கையில் மூன்று பிக், இடது காலில் கம்பியின் சுருதியை மாற்றும் A, B, C பெடல்கள், இரண்டு முழங்காலுக்கும் நெம்புகோல்கள், வலது காலில் வால்யூம். ஃபுட்சுவிட்ச் பன்னிரண்டு என்று பெருமையாகப் போட்டிருக்கிறார்கள், மிதிக்கக் கால்தான் இல்லை. ஸ்டீலின் வலப்பக்கம் ஒரு ஸ்டாண்டில் கைக்கு எட்டும் உயரத்தில் மாடலரை ஏற்றி வைத்து, டிலே ஒன்றுக்கு மட்டும் ஒரு பட்டன் வைத்துக்கொண்டால் குடும்பம் நடத்தலாம்.

பதினொன்றே காலுக்கு எல்லாம் முடிந்தபோது மிஞ்சியது ஆறே பிளாக்: ஈக்யூ, வால்யூம், ஆம்ப், கேபினெட், டிலே, ரிவெர்ப். சேவ் செய்தாகிவிட்டது, முதலில் மறந்து, பிரிசெட் மாற்றி, முழுசும் தொலைத்து, மறுபடி போட்டு. பத்தாவது ஃபிரெட்டில் பார், B பெடலை மிதித்து G#ஐ ஏற்றியதும் அப்படி ஒரு ஒலி. கதவு திறந்தது. தங்கச்சி வாசலில் நின்று வாயைத் திறக்கப் போனாள்.

மூன்றாவது கம்பி. .011 அங்குலம். ட்டங் என்று அறுந்தது. 350 மில்லிசெகண்ட் கழித்து இன்னொரு தடவை அறுந்தது. பிறகு சன்னமாக, தூரத்தில் எங்கேயோ, இரண்டு விநாடி அறுந்துகொண்டே இருந்தது.

"இது நல்லாருக்கே," என்றாள். "திரும்ப வாசி."