ஓரமாகப் போனால் உரசாமல் போய்விடுவார்களா?

சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பும் யாருக்கும் கிடைக்கும் முதல் அறிவுரை "பாத்து, ஓரமா போ" என்பதுதான். அக்கறையோடுதான் சொல்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த ஓரத்தில் என்னென்ன இருக்கிறது என்று ஒருமுறை குனிந்து பாருங்கள். மணல், உடைந்த கண்ணாடித் துண்டு, டயர் சிக்குகிற மாதிரி இடுக்கு விட்ட வடிகால் மூடி, தார் முடிந்து மண் தொடங்கும் விளிம்பு, எப்போது வேண்டுமானாலும் திறக்கக்கூடிய கார் கதவு, சந்திலிருந்து மூக்கை நீட்டும் வண்டி என்று சகலமும் அங்கேதான் கிடக்கிறது.

பல வருடமாக வண்டிகளுக்கு நடுவில் சைக்கிள் ஓட்டுகிற ஆள் என்ற முறையில் சொல்கிறேன். பின்னால் வருகிற டிரைவரின் மனதில் நம்மைப் பற்றி ஓடும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: லேன் மாறாமல் இவரைத் தாண்டிவிடலாமா? முடியும் என்றால் தாராளமாக ஒதுங்கி சைடு கொடுக்கலாம். முடியாது என்றால், முடியாது என்பது தூரத்திலிருந்தே அவருக்குத் தெரிகிற மாதிரி லேனுக்குள் வந்துவிட வேண்டும். இரண்டுக்கும் நடுவில், "முடியும் போலத்தான் இருக்கு, நுழைஞ்சு பாக்கலாம்" என்று அவரை நினைக்க வைக்கிற இடம் ஒன்று இருக்கிறதே, அங்கேதான் உரசல் நடக்கிறது. (இடது பக்கம் வண்டி ஓட்டும் நாடுகளை மனதில் வைத்து எழுதுகிறேன். வலது பக்கம் ஓட்டும் நாட்டில் இருப்பவர்கள் இடம் வலத்தை மாற்றிப் படித்துக்கொள்ளவும்.)

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஒரு லேன் பொதுவாக 3 மீட்டரிலிருந்து 3.5 மீட்டர் அகலம். நல்ல அகலமான லேன் என்றே வைத்துக்கொள்வோம், 3.5 மீட்டர். உங்கள் டயர் விளிம்பிலிருந்து அரை மீட்டர் தள்ளி உருள்கிறது. ஹேண்டில்பார் சுமார் 60 சென்டிமீட்டர், அதில் பாதி வலது பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். ஆக 80 சென்டிமீட்டர் உங்களுக்குப் போய்விட்டது. சைடு மிரரையும் சேர்த்தால் ஒரு கார் ஏறக்குறைய 2 மீட்டர். மீதி 70 சென்டிமீட்டர். அதுவும் அந்தக் காரின் வலது மிரர் கோட்டைத் தொட்டுக்கொண்டு போனால்தான். பிரிட்டனின் நெடுஞ்சாலை விதித்தொகுப்பு, மணிக்கு 30 மைல் வரை வேகத்தில் சைக்கிளைத் தாண்டுபவர் குறைந்தது 1.5 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்கிறது. 2020லிருந்து ஜெர்மனியில் ஊருக்குள் 1.5 மீட்டர், ஊருக்கு வெளியே 2 மீட்டர். ஒரே லேனுக்குள் இது நடக்கிற காரியமே இல்லை. பஸ் என்றால் அதன் உடம்பு மட்டுமே இரண்டரை மீட்டர், பேச்சே வேண்டாம்.

அப்படியானால் ஒழுங்காகத் தாண்ட நினைப்பவர் எப்படியும் பக்கத்து லேனுக்குப் போய்த்தான் ஆக வேண்டும். அந்த லேன் காலியாக இருந்தால், நீங்கள் இன்னும் ஒரு மீட்டர் உள்ளே ஓட்டுவதால் அவருக்கு எந்த நஷ்டமும் இல்லை. காலியாக இல்லை என்றால், நீங்கள் விளிம்பை நக்கிக்கொண்டு போனாலும் அவர் தாண்டக் கூடாது. எந்தக் கணக்கில் பார்த்தாலும் குறுகலான லேனில் ஓரம் ஒட்டுவதால் வரும் லாபம், ஒழுங்கில்லாமல் தாண்டுகிறவருக்கு மட்டும்தான்.

இதற்கு எதிராக ஒரு ஆய்வைக் காட்டுவார்கள், காட்டவும் வேண்டும். பிரிட்டனின் பாத் பல்கலைக்கழகத்தில் இருந்த உளவியலாளர் இயன் வாக்கர், சைக்கிளில் தூரம் அளக்கும் கருவியைப் பொருத்திக்கொண்டு தானே ஓட்டி, 2,000க்கும் மேற்பட்ட முறை வண்டிகள் தன்னைத் தாண்டியதை அளந்து 2007இல் வெளியிட்டார். விளிம்பிலிருந்து அவர் தள்ளி வர வர, வண்டிகள் விட்ட இடைவெளி குறைந்திருக்கிறது. (ஆய்வுக்காக ஓட்டும்போதே ஒரு பஸ்ஸும் ஒரு லாரியும் அவரை இடித்தன. அந்த வகையில் மனிதர் சொல்வதற்குத் தனி மரியாதை உண்டு.) இதை மறுக்க எனக்கு எதுவும் இல்லை. ஆனால் எனக்கு அது சொல்வது வேறு: கொஞ்சம் தள்ளி வந்தால் போதும் என்கிற அரைகுறை நிலையால் பயன் இல்லை. விளிம்பிலிருந்து முக்கால் மீட்டர், ஒரு மீட்டர் என்று நின்றால் டிரைவர் தன் பாதையை மாற்றிக்கொள்வதில்லை, அதே கோட்டில்தான் வருகிறார், நாம்தான் அவருக்குப் பக்கத்தில் போயிருக்கிறோம். அந்த நிலையிலும் இடது கைப் பக்கம் ஒதுங்கித் தப்பிக்க இடம் இருக்கும், விளிம்பிலேயே போனவருக்கு அதுவும் இருக்காது. ஆனாலும், உள்ளே வருவது என்று முடிவெடுத்தால் முழுதாக வர வேண்டும். கார் வந்தால் அதன் இடது சக்கரத் தடத்துக்கும் வலது சக்கரத் தடத்துக்கும் நடுவில். அங்கே இருந்தால் யாரும் உங்களை நுழைந்து தாண்டும் சந்தாகப் பார்க்க மாட்டார்கள், முன்னால் போகும் ஒரு வண்டியாகப் பார்ப்பார்கள்.

நிறுத்தியிருக்கும் கார்களைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். முழுதாகத் திறந்த கார் கதவு ஒரு மீட்டர் வரை வெளியே வரும். கதவில் மோதுவதைவிட அதற்கு அடுத்து நடப்பதுதான் மோசம். கதவின் விளிம்பு ஹேண்டில்பாரின் இடது நுனியைப் பிடித்து நிறுத்துகிறது, ஹேண்டில் சட்டென்று இடது பக்கம் திரும்புகிறது, உடம்பு வலது பக்கம், அதாவது ஓடுகிற வண்டிகளுக்கு முன்னால், விழுகிறது. ஒரு விநாடி கூட ஆகாது. நிற்கிற கார் வரிசையைக் கடக்கும்போது, கதவு முழுதாகத் திறந்தாலும் என் ஹேண்டில் அதைத் தொடாது என்கிற தூரத்தில்தான் போவேன். பின் கண்ணாடி வழியாக உள்ளே தலை தெரிகிறதா, பிரேக் லைட் இப்போதுதான் அணைந்ததா, முன் சக்கரம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போகலாம். பார்ப்பது நல்லதுதான். ஆனால் கறுப்புக் கண்ணாடியும் பெரிய சீட்டும் வந்த பிறகு அதை மட்டும் நம்புவதற்கில்லை. தூரம்தான் காப்பாற்றும்.

இரண்டு கார்களுக்கு நடுவில் இடம் காலியாக இருந்தால் அதற்குள் புகுந்து, அடுத்த கார் வந்ததும் வெளியே வந்து, திரும்பப் புகுந்து என்று பாம்பு மாதிரி ஓட்டுவதையும் விட்டுவிடுங்கள். உள்ளே போகிற ஒவ்வொரு தடவையும் பின்னால் வருகிறவர் உங்களை மறந்துவிடுகிறார். வெளியே வரும்போது அவருக்கு நீங்கள் புதிதாக முளைத்த ஆள்.

சந்திப்புகளில்தான் இந்த விஷயத்தின் முழு அர்த்தமும் புரியும். நீங்கள் நேராகப் போகிறீர்கள், ஓரமாக. ஒரு கார் உங்களைத் தாண்டுகிறது, தாண்டி முடித்த கையோடு இடது பக்கம் கட் அடித்துத் திரும்புகிறது. அவர் கணக்கில் உங்களைத் தாண்டியாயிற்று, உங்கள் கணக்கில் முன்னால் சுவர் எழும்பியிருக்கிறது. சந்திப்புக்குக் கணிசமான தூரம் முன்பே லேனின் நடுவுக்கு வந்துவிட்டால் அவரால் உங்களுக்குப் பக்கத்தில் வரவே முடியாது. பின்னாலேயே வந்து, நீங்கள் போன பிறகு திரும்புவார், நான்கு விநாடி தாமதம், அவ்வளவுதான். சந்திப்பிலேயே போய் நகர்வது பிரயோஜனம் இல்லை, அது இன்னும் ஆபத்து.

பக்கச் சாலையில் காத்திருப்பவர் விஷயமும் இதேதான். கார்கள் எங்கே வருமோ அங்கேதான் அவர் கண் போகும். ஓரத்தில் வரும் நீங்கள் ஒரு மின்கம்பத்துக்கோ நிற்கிற வேனுக்கோ பின்னால் மறைந்திருப்பீர்கள். லேனுக்குள் இருந்தால் அவர் பார்க்கிற இடத்திலேயே இருக்கிறீர்கள், இன்னும் கொஞ்சம் முன்கூட்டியே தெரிகிறீர்கள். அவர் முகத்தைப் பார்த்து, கண்ணோடு கண் பார்த்தாயிற்று என்று நம்பாதீர்கள். உங்களைப் பார்த்தபடியே வண்டியை எடுப்பவர்கள் உண்டு. நான் முன் சக்கரத்தைத்தான் பார்ப்பேன். சக்கரத்தின் மேல் விளிம்பு லேசாக அசைந்தாலே கார் கிளம்புகிறது என்று தெரிந்துவிடும், அப்போதே விரல் பிரேக்குக்குப் போய்விடும். ரவுண்டானாவிலும், ஒற்றை லேன் என்றால், நுழைவதற்கு முன்பிருந்து வெளியேறும் வரை நடுவிலேயே இருப்பதுதான் நல்லது.

லாரிக்கு மட்டும் இந்த விதி எதுவும் பொருந்தாது, அதற்கு ஒரே விதி: சிக்னலில் நிற்கும் லாரியின் இடது பக்கமாக முன்னேறாதீர்கள். டிரைவரின் கேபினுக்கு நேர் முன்னாலும் இடது பக்கவாட்டிலும் அவருக்குத் தெரியாத பகுதி பெரிது. லண்டனில் 2021லிருந்து 12 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு, டிரைவர் இருக்கையிலிருந்து வெளியே எவ்வளவு தெரிகிறது என்பதை வைத்து நட்சத்திரம் கொடுத்துத்தான் அனுமதி தருகிறார்கள் என்றால் பாருங்கள். நீளமான வண்டி திரும்பும்போது பின் சக்கரங்கள் முன் சக்கரம் போன வழியில் போகாது, உள்பக்கம் வெட்டிக்கொண்டு வரும். இடது பக்கம் திரும்ப இடம் வேண்டும் என்பதற்காக லாரி முதலில் வலது பக்கம் அகலும். அப்போது இடது பக்கம் திறக்கிற இடத்தைப் பார்த்து யாரோ வழிவிட்டார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. இண்டிகேட்டர் போடவில்லை என்பது எந்த உத்தரவாதமும் இல்லை. பின்னாலேயே நில்லுங்கள்.

சரி, உள்ளே வருவது எப்படி? திரும்பிப் பார்க்கக் கற்றுக்கொள்வதில்தான் எல்லாம் இருக்கிறது. பலருக்கு இது வராது. வலது தோளுக்கு மேல் திரும்பினால் கூடவே ஹேண்டிலும் வலது பக்கம் இழுத்துக்கொள்ளும். காலி மைதானத்தில் ஒரு வெள்ளைக் கோட்டின் மேல் ஓட்டி, திரும்பிப் பார்த்தும் கோட்டை விட்டு விலகாமல் இருக்கப் பழகுங்கள். இடது கையை ஹேண்டிலில் தளர்வாக வைத்து, முகவாயைத் தோளுக்குக் கொண்டுவந்தால் போதும், இடுப்பைத் திருப்ப வேண்டியதில்லை. மிரர் வைத்தால் இது தேவையில்லையே என்பவர்களுக்கு: மிரரில் நீங்கள் பார்ப்பது பின்னால் வருகிறவருக்குத் தெரியாது, தலை திரும்புவது தெரியும். நான் நகரப் போகிறேன் என்பதைக் கை காட்டும் முன்பே தலை சொல்லிவிடுகிறது, பெரும்பாலானவர்கள் அதைப் பார்த்ததுமே கொஞ்சம் வேகத்தைக் குறைக்கிறார்கள். குறைக்காவிட்டால் போகவிட்டு அடுத்தவரிடம் கேளுங்கள்.

எல்லாச் சாலையிலும் நடுவில் ஓட்டு என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வேக வித்தியாசம்தான் முடிவு செய்கிறது. நீங்கள் 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள், பின்னால் 40இல் ஒருவர் வருகிறார் என்றால், 100 மீட்டர் இடைவெளி கரைய 18 விநாடி ஆகும். அவர் 80இல் வந்தால் 6 விநாடி. அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் அந்த ஆறில் மூன்று போய்விடும். நெடுஞ்சாலையில் நல்ல ஷோல்டர் (லேனுக்கு வெளியே, ஓரமாக விட்டிருக்கும் பட்டை) இருந்தால் அதில் போங்கள். இல்லை என்றால் வேறு வழி தேடுங்கள், சுற்று வழியானாலும் பரவாயில்லை. லேன் நடுவில் ஓட்டத் தெரிந்தால் தனி சைக்கிள் பாதையே தேவையில்லை என்று வாதிட்ட ஒரு பெரிய கூட்டம் உண்டு, அமெரிக்காவில் ஜான் ஃபாரஸ்டர் அதன் முக்கியக் குரல். ஓட்டும் நுணுக்கத்தில் அவர் சொன்ன பல விஷயங்கள் சரிதான். ஆனால் எட்டு வயதுப் பிள்ளையையும் எழுபது வயதுப் பெரியவரையும் 60இல் போகும் வண்டிக்கு முன்னால் நடு லேனில் போ என்று சொல்ல எனக்கு மனசு வராது. நெதர்லாந்தில் எல்லா வயதினரும் சைக்கிள் ஓட்டுவது இந்த நுணுக்கத்தைக் கற்றதால் இல்லை, வேகமான சாலைகளில் தனிப்பாதை போட்டதால்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். நாட்டுக்கு நாடு மாறும், உங்கள் நாட்டு விதியைப் படித்துக்கொள்ளுங்கள். 2022 ஜனவரியில் திருத்தப்பட்ட பிரிட்டன் விதித்தொகுப்பு, அமைதியான தெருக்களிலும், மெதுவாக நகரும் போக்குவரத்திலும், சந்திப்பு அல்லது சாலை குறுகும் இடத்தை நெருங்கும்போதும் லேனின் நடுவில் ஓட்டச் சொல்கிறது. வேகமான வண்டிகள் போகும் நெரிசல் சாலையில் விளிம்பிலிருந்து குறைந்தது அரை மீட்டர். அமெரிக்காவில் மாநிலங்கள் பார்த்து எழுதிக்கொள்வதற்கான மாதிரிப் போக்குவரத்துச் சட்டம் முடிந்த அளவு ஓரமாகப் போகச் சொல்லிவிட்டு, காரும் சைக்கிளும் பக்கம் பக்கமாகப் பாதுகாப்பாகப் போக முடியாத குறுகலான லேனுக்கு விலக்குக் கொடுக்கிறது. மேலே போட்ட கணக்குப்படி பார்த்தால் பாதிச் சாலை அந்த விலக்குக்குள் வந்துவிடும்!

ஹாரன் அடிப்பார்கள். அடிக்கட்டும். ஹாரன் அடிக்கிறவர் உங்களைப் பார்த்துவிட்டார் என்று அர்த்தம், பார்க்காதவர்தான் பயப்பட வேண்டிய ஆள். திரும்பி முறைக்காமல், பதிலுக்குக் கத்தாமல், இடைஞ்சலான இடம் முடிந்ததும் ஒதுங்கி, கையைத் தூக்கி ஒரு நன்றி காட்டினால் பெரும்பாலும் சமாதானமாகிவிடுவார்கள். லேனை எடுத்துக்கொண்ட காரணம் முடிந்த பிறகும் அங்கேயே இருப்பது வீம்பு. நீளமான மேடு ஏறும்போது எனக்குப் பின்னால் வரிசை சேர்ந்துவிட்டால், அகலமான இடம் பார்த்து நிறுத்தி, எல்லாரையும் போகவிட்டு, ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் கிளம்புவேன். எப்படியும் அந்த மேட்டில் எனக்கு மூச்சு வாங்கிக்கொண்டுதான் இருக்கும்.