மழை விடுமுறை

நம் வேதபாட ஆசிரியர் சென்ற நவம்பரில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்ற செய்தி டொராண்டோவில் எனக்குக் கிடைத்தபோது இங்கே இன்னும் விடியவில்லை. நம் பள்ளியின் பழைய மாணவர் சங்க மலருக்கு அவரைப் பற்றி எழுதித் தருமாறு சங்கச் செயலாளர் கேட்டார். சாரின் பாடங்களைப் பற்றியும் அந்தக் குரலைப் பற்றியும் எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் நம்மில் பலர் இருக்கிறார்கள். என்னால் எழுத முடிந்தது ஒரு மழை நாளைப் பற்றி மட்டுமே. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அவருடைய அலமாரிக்குப் பக்கத்தில் இருந்த மரப்பெட்டியை ஒன்பதாம் வகுப்பு ‘பி’ பிரிவில் படித்த எவரும் மறந்திருக்க முடியாது. திங்கட்கிழமைதோறும் வீட்டிலிருந்து ஒரு பிடி அரிசி கொண்டுவந்து அதில் போடுவோம். சார் நெல்லைச் சீமையில் பிறந்தவர். ஒவ்வொரு வேளையும் உலைக்கு அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் சேர்த்து, ஞாயிறன்று கோயிலுக்குக் கொண்டுபோய்ப் படைக்கும் பிடியரிசி வழக்கத்தில் வளர்ந்தவர். உண்டு மிஞ்சியதைக் கொடுப்பது காணிக்கை ஆகாது, உலையில் விழுவதற்கு முன்னரே எடுத்துவைக்க வேண்டும் என்பார். அந்த அரிசி எங்கே போகிறது என்று அவர் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

ஐயாயிரம் பேருக்கு அப்பம் பிட்டுக் கொடுத்த அற்புதத்தை அவர் எப்போதும் யோவான் எழுதியதிலிருந்தே நடத்துவார். நான்கு சுவிசேஷங்களிலும் அந்த அற்புதம் உண்டென்றாலும், அப்பங்களைக் கொண்டுவந்தவன் ஒரு பையன் என்பதும் அவை வாற்கோதுமை அப்பங்கள் என்பதும் யோவானில் மட்டுமே இருக்கின்றன. வாற்கோதுமை ஏழைகளின் தானியம். நம் ஊர்க் கேழ்வரகைப் போல என்பார். அந்தப் பாடத்தின் முடிவில் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் 1920-இல் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுக்கத் தொடங்கியதையும், 1956-இல் காமராஜர் அந்த ஏற்பாட்டை மாநிலம் முழுவதற்கும் கொண்டுசென்றதையும் சேர்த்துச் சொல்வார். பசித்த பிள்ளைக்குச் சோறு போட்டவரைப் பற்றிப் பேசும்போது அவர் கட்சியோ மதமோ பார்த்ததில்லை.

1982-இல் தொடங்கிய சத்துணவுத் திட்டம் எங்கள் வயதுப் பிள்ளைகளுக்கு 1984-இல்தான் வந்தது. நண்பகல் மணி அடித்ததும் டிபன் பாக்ஸ் கொண்டுவந்தவர்கள் வேப்பமரத்தடிக்கும், தட்டு கொண்டுவந்தவர்கள் சமையல் கூடத்து வராந்தாவுக்கும் பிரிந்துபோவோம். என் பெஞ்சுக்காரன் தட்டு கொண்டுவருபவன். அவன் பெயரை இங்கே எழுத எனக்கு உரிமையில்லை. அவனுடைய தந்தை கட்டட வேலைக்குப் போனார். பக்கிங்காம் கால்வாய்க் கரையில் வீடு. கணக்கில் எனக்குக் கை கொடுத்தவன் அவன்தான். ஆனால் வேப்பமரத்தடிக்கு வா என்று நான் அவனை ஒரு நாளும் அழைத்ததில்லை.

1985 நவம்பரில் பெய்த மழை உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு நாள் வகுப்பு முடியும் வேளையில் சார் என்னை ஜெபிக்கச் சொன்னார். “ஆண்டவரே, நாளைக்கும் மழை பெய்து பள்ளிக்கு விடுமுறை கிடைக்க வேண்டும்” என்று ஜெபித்தேன். வகுப்பே உரக்க ஆமென் சொன்னது. என் பக்கத்திலிருந்தவன் மட்டும் வாய் திறக்கவில்லை. சார் அவனையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். எதுவும் பேசாமல் வேதாகமத்தை மூடினார்.

மறுநாள் விடுமுறை விட்டார்கள். காலை பத்து மணியளவில் குடையோடும் ஒரு துணிப்பையோடும் சார் எங்கள் வீட்டு வாசலில் நின்றார். “பையனைக் கொஞ்சம் அனுப்பி வையுங்கள்” என்று அப்பாவிடம் கேட்டார். பையில் இருந்தது மரப்பெட்டி அரிசி. முழங்கால் அளவுத் தண்ணீரில் அதைத் தலைமேல் வைத்துச் சுமந்து நடந்தேன். கால்வாய்ப் பாலம் வரும்வரை மௌனமாக வந்தவர் அங்கே நின்றார். “கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் இந்தத் துண்டை 1877-78-இல் வெட்டினார்கள், தம்பி. தாது வருஷப் பஞ்சத்தில் ஒரு வேளைக் கஞ்சிக்காக மண் சுமந்தவர்கள் வெட்டியது” என்றார். பிறகு பையை வாங்கிக்கொண்டு, “நீ இங்கேயே நில். நான் வரும்வரை நகரக் கூடாது” என்று சொல்லிவிட்டுக் கரையில் இறங்கினார்.

நான் நிற்கவில்லை. எந்த வீட்டுக்குப் போகிறார் என்று பார்க்கும் ஆவலில் பின்னாலேயே போனேன். கீற்றுக் கூரைக்குக் கீழே கணுக்கால் அளவுத் தண்ணீர். அலுமினியக் குண்டானால் அதை மொண்டு மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தவன் என் பெஞ்சுக்காரன். அடுப்பு நனைந்து கரைந்து கிடந்தது. அவனுடைய அம்மா இரண்டு கைகளாலும் பையை வாங்கியபோது அவன் நிமிர்ந்தான். சாரின் தோளுக்குப் பின்னால் என்னைப் பார்த்தான். பார்த்ததும் குண்டானைக் கீழே வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மழை என்றால் அவனுடைய அப்பாவுக்குக் கூலி இல்லை. பள்ளி இல்லையென்றால் அவனுக்குத் தட்டில் சோறு இல்லை. அந்த இரண்டும் ஒரே நாளில் நடக்க வேண்டும் என்றுதான் நான் ஜெபித்திருக்கிறேன்.

திரும்பும் வழியில் சார் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “கொடுப்பதை நீ பார்த்தது சரி. வாங்குவதை நீ பார்த்திருக்க வேண்டாம்” என்று மட்டும் சொன்னார். அடுத்த திங்கட்கிழமை என் பெஞ்சுக்காரன் கடைசி வரிசைக்கு மாறிவிட்டான். அவனிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு ஒன்றரை ஆண்டு அவகாசம் இருந்தது. நான் கேட்கவில்லை.

ஸ்கார்பரோவில் எங்கள் சபை மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் உணவு வங்கி நடக்கிறது. அரிசி, பருப்பு, டப்பா மீன் எல்லாவற்றையும் பைகளில் கட்டுகிறோம். முன் மேசையில் நின்று பைகளைக் கொடுக்கும் வேலையை நான் ஏற்றுக்கொண்டதில்லை; பின்னறையில் கட்டும் வேலையையே கேட்டு வாங்கிக்கொள்கிறேன். “பசியாயிருந்தேன், எனக்குப் போஜனங்கொடுத்தீர்கள்” என்ற வசனத்தைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறார்கள். அதைப் படிக்கும்போதெல்லாம் ஆண்டவருடைய முகமும் சுவர்ப் பக்கம் திரும்பியிருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

2018-இல் சாரைப் பார்க்கப் போயிருந்தேன். பார்வை மங்கியிருந்தாலும் என் குரலைக் கேட்டதும் அடையாளம் கண்டுகொண்டார். கால்வாய்க் கரையிலிருந்து அவன் குடும்பம் கண்ணகி நகருக்கு மாற்றப்பட்டதையும், அங்கே அவன் சிறிய சாப்பாட்டுக் கடை வைத்திருப்பதையும், மாதம் ஒருமுறை தம்மை வந்து பார்ப்பதையும் அவரே சொன்னார். “போய்ப் பார்த்துவிட்டுப் போ, தம்பி” என்றார். அன்றிரவு எனக்கு விமானம். அடுத்த முறை பார்க்கிறேன் சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். கண்ணகி நகர் ஒரு மணி நேரப் பயணம். இங்கிருந்து அது எவ்வளவு தூரம் என்பதை நம் சங்கத்தாருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அடக்கத்தன்றும் நல்ல மழையாம். துக்க வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. வந்திருந்த அத்தனை பேருக்கும் சோறும் சாம்பாரும் ஆட்டோவில் வந்து இறங்கின என்று நம் வகுப்புத் தோழர் தொலைபேசியில் சொன்னார். கொண்டுவந்தவன் குண்டான்களைச் சமையலறையில் இறக்கிவைத்துவிட்டு, யார் அனுப்பியது என்று வீட்டார் கேட்பதற்குள் கீழ்ப்பாக்கம் கல்லறைக்குப் புறப்பட்டுப் போய்விட்டானாம். தோழர் மட்டும் அவனை அடையாளம் கண்டு, தொலைபேசி எண்ணை எனக்காக வாங்கி அனுப்பியிருக்கிறார். எண் என் மேசைமேல் இருக்கிறது. இன்னும் நான் அவனை அழைக்கவில்லை.