மைக் ராய்க்கோ விட்டுச்சென்ற காகிதங்கள்

சிகாகோவின் நியூபெர்ரி நூலகத்தில், பத்திரிகைப் பத்தி எழுத்தாளர் மைக் ராய்க்கோவின் காகிதங்களைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள் என்பதை நினைத்தாலே மனசு நிறைகிறது.

மதுக்கடை நடத்திய குடும்பத்துப் பிள்ளை. அந்தக் கடைக்கு மேலே இருந்த வீட்டில் வளர்ந்தவர். முப்பது வருடத்துக்கும் மேலாகப் பத்தி எழுதினார், பெரும்பாலும் வாரத்துக்கு ஐந்து நாள். மொத்தம் 7,000க்கும் அதிகம்! சிகாகோ மேயர் டேலியையே விட்டுவைக்கவில்லை. ஸ்லாட்ஸ் குரோப்னிக் என்று ஒரு கற்பனை ஆளை உருவாக்கி, தெருப் பேச்சை அப்படியே அச்சில் ஏற்றினார். 1972இல் அமெரிக்கப் பத்திரிகை உலகின் பெரிய விருதான புலிட்சர் பரிசு. அப்புறம் 1984இல், அவர் எழுதிவந்த சன்-டைம்ஸ் நாளிதழ் பத்திரிகை முதலாளி முர்டாக் கைக்குப் போனதும், அவரிடம் வேலை பார்க்க மனமில்லாமல் போட்டிப் பத்திரிகையான ட்ரிப்யூனுக்கே போய்விட்டார். எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்தது இந்தப் பிடிவாதம்தான்.

1997இல் காலமானார். நாளிதழ் மறுநாளே பொட்டலம் கட்டப் போய்விடுகிற பொருள். அதில் எழுதியவரின் காகிதங்கள் இன்னும் இருக்கின்றன, ஒருநாள் போய்ப் பார்க்க வேண்டும்.