டர்போ காரின் போனட்டுக்குள் தேங்கும் சூடு

எக்ஸாஸ்ட் புகையால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுவது டர்போ. டர்போ காரை மாற்றியமைக்க உட்கார்ந்தால் பூஸ்ட் (டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம்) எவ்வளவு, எத்தனை குதிரைத்திறன் கூடும் என்று கணக்குப் போடாதவர் இல்லை. அந்தக் கூடுதல் சக்தியோடு சேர்ந்து போனட்டுக்குள் எவ்வளவு சூடு இறங்கும் என்ற கணக்கை மட்டும் பலரும் போடுவதில்லை. விளைவுகள் சில மாதங்கள் கழித்து வரும். வேக்குவம் ஹோஸ் விறைத்து வெடிக்கும். நல்ல பெட்ரோல் போட்டும் நாக்கிங், அதாவது எரிபொருள் தானாக வெடிக்கும் தட்டல் சத்தம், கேட்கும். சிக்னலில் ஐந்து நிமிடம் நின்ற பிறகு வண்டி மந்தமாகக் கிளம்பும். இவற்றை வேறு வேறு பழுதுகளாகப் பார்த்து ஒவ்வொரு பாகமாக மாற்றிக்கொண்டே போவதுதான் செலவை இழுக்கும் வழி. சூடு எங்கிருந்து புறப்பட்டு எந்த வழியாக எங்கே போகிறது என்று முதலில் பார்த்துவிட்டால் வேலை பாதியாகக் குறையும்.

பேச எடுத்துக்கொள்ள நல்ல உதாரணம், 2000-இல் வந்த இரண்டாம் தலைமுறை சுபாரு இம்ப்ரேஸா டபிள்யூஆர்எக்ஸ். சிலிண்டர்கள் இரு பக்கமும் படுத்திருக்கும் பாக்ஸர் எஞ்சின். சிலிண்டர்களின் புகையைத் திரட்டும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு எஞ்சினுக்கு அடியில் இருக்கிறது. அங்கிருந்து அப்பைப் என்ற குழாய் மேலேறி, எஞ்சினின் வலது பின் மூலையில் உள்ள டர்போவில் சேர்கிறது. டர்போவிலிருந்து டவுன்பைப் என்ற குழாய் மறுபடியும் கீழே இறங்குகிறது. டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இண்டர்கூலரோ எஞ்சினின் பின்புறம், கியர்பாக்ஸுக்கு மேலே, போனட்டில் காற்று நுழையும் ஸ்கூப்புக்கு நேர் கீழே படுத்திருக்கிறது. குளிர வேண்டிய பாகத்தையும் கொதிக்கும் பாகத்தையும் இவ்வளவு அருகில் வைத்த அமைப்பு இது. தொழிற்சாலைப் பொறியாளர்கள் ஏகப்பட்ட தகடுகளையும் தடுப்புகளையும் வைத்துத்தான் இதைச் சமாளித்தார்கள். மாற்றியமைக்கும்போது நாம் முதலில் கழற்றி எறிவதும் அவற்றைத்தான்.

சந்தையில் கிடைக்கும் டவுன்பைப்புகள் பெரும்பாலும் வெறும் ஸ்டெயின்லெஸ் குழாயாகவே வரும். பழைய டவுன்பைப்பின் மேல் இருந்த இரட்டைத் தகடு புதியதில் பொருந்தாது. டர்போ மேல் இருந்த ஷீல்டும் ஒரு போல்ட் இடிக்கிறது என்று மூலைக்குப் போகும். பெரிய குழாயால் வாயு எளிதாக வெளியேறுகிறது என்பது உண்மை. ஆனால் அதோடு சேர்ந்து, மறைப்பில்லாத சூடான இரும்பு மீட்டர் கணக்கில் போனட்டுக்குள் திறந்து கிடக்கிறது. பழைய ஷீல்டை வளைத்தோ வெட்டியோ மறுபடி மாட்ட முடிந்தால் மாட்டுங்கள். காசு செலவில்லாத முதல் வேலை அதுதான்.

முழு பளுவில் பெட்ரோல் டர்போ எஞ்சினின் எக்ஸாஸ்ட் வாயு 850 முதல் 950 டிகிரி வரை போகும். டர்போவில் அந்த வாயு பாயும் பக்கமான டர்பைனின் கூடு செக்கச் செவேலென்று ஒளிர்வது அதனால்தான். அந்த நிலையில் சூடு பெரும்பாலும் கதிர்வீச்சாகவே பரவுகிறது, அதன் அளவோ கெல்வின் வெப்பநிலையின் நான்காம் அடுக்கில் ஏறும். 600 டிகிரியில் உள்ள பரப்பை விட 900 டிகிரியில் உள்ள பரப்பு மூன்று மடங்குக்கு மேல் கதிர்வீசும். காற்று எவ்வளவு ஓடினாலும் கதிர்வீச்சைத் தடுக்காது. இடையில் ஒரு தகடு நிற்க வேண்டும். ‘போனட்டில் ஓட்டை போட்டால் போதும்’ என்பவர்கள் தவறவிடும் இடம் இது. மூலத்தில் அடக்குவது முதல் வேலை, இடையில் மறிப்பது இரண்டாவது, மிச்சத்தை வெளியேற்றுவது கடைசி. வரிசை மாறினால் செய்த வேலைக்குப் பலன் தெரியாது.

எதையும் வாங்குவதற்கு முன் அளந்துவிடுங்கள். குறிப்பிட்ட வெப்பநிலையைத் தாண்டினால் நிரந்தரமாகக் கறுக்கும் ஒட்டு லேபிள்கள் கிடைக்கின்றன. பிரேக் மாஸ்டர் சிலிண்டர், டர்போ பக்கத்து ஸ்ட்ரட் டவர், வயரிங் கட்டு, இண்டர்கூலரின் பக்கத் தொட்டி என்று நாலைந்து இடங்களில் ஒட்டினால், ஒரே ஓட்டத்தில் ஒவ்வொரு இடமும் தொட்ட உச்சம் தெரிந்துவிடும். காற்றின் சூட்டுக்கு கே வகை தெர்மோகப்பிள் (கம்பி வடிவ வெப்ப சென்சார்) வேண்டும்: ஒன்று டர்போவின் காற்றை அழுத்தும் பக்கமான கம்ப்ரசரின் வாயில், ஒன்று இண்டர்கூலருக்கு அப்பால். துப்பாக்கி மாதிரி பிடிக்கும் இன்ஃப்ராரெட் மீட்டரைப் பளபளப்பான ஸ்டெயின்லெஸ் மேல் நீட்டினால், இருப்பதை விட மிகக் குறைத்துக் காட்டும். அந்த எண்ணை நம்பி முடிவெடுக்கக் கூடாது. மங்கலான கறுப்புப் பூச்சு உள்ள பரப்பில் மட்டும் அதை ஓரளவு நம்பலாம்.

மூலத்தில் அடக்க மூன்று வழிகள்: டர்பைன் கூட்டுக்கு பிளாங்கெட் (வெப்பம் தாங்கும் போர்வை), குழாய்களுக்கு ராப் (சுற்றும் வெப்பத்தடுப்புப் பட்டை), இரண்டுக்கும் செராமிக் பூச்சு. பிளாங்கெட் டர்பைன் பக்கத்தை மட்டும்தான் மூட வேண்டும். பேரிங் இருக்கும் நடுக்கூட்டையும் கம்ப்ரசரையும் சேர்த்துப் போர்த்தினால் பேரிங்கில் உள்ள ஆயில் கருகிப் படியும். ஸ்பிரிங்கும் கம்பியும் வைத்து இறுக்கிய பிறகு, மிகுதி எக்ஸாஸ்ட் வாயுவை டர்பைனைச் சுற்றி விட்டு பூஸ்ட்டைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட்டின் கை முழு வீச்சில் தடையில்லாமல் அசைகிறதா என்று கையால் தள்ளிப் பாருங்கள். துணி இடித்து வேஸ்ட்கேட் முழுதாகத் திறக்காவிட்டால் பூஸ்ட் கட்டுக்கடங்காமல் ஏறும். அதைக் காரணம் தெரியாத பூஸ்ட் கோளாறு என்று தேடிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

ராப் சுற்ற 50 மில்லிமீட்டர் அகலப் பட்டை வசதி. 12 மில்லிமீட்டர் மேல்படிய வைத்துச் சுற்றினால், 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயின் ஒரு மீட்டருக்குச் சுமார் நாலேகால் மீட்டர் பட்டை பிடிக்கும். வளைவுகளுக்குக் கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி இழைப் பட்டையை நனைத்துச் சுற்றினால் இறுக்கமாகப் பிடிக்கும், தூசியும் பறக்காது. கையுறையும் முகமூடியும் கட்டாயம். நுனிகளை ஸ்டெயின்லெஸ் கட்டுகளால் பூட்டுங்கள். பிளாஸ்டிக் கட்டு ஒரு ஓட்டம் கூடத் தாங்காது. ஆக்ஸிஜன் சென்சாரின் உடல் பகுதியையும் ஃபிளாஞ்ச் போல்ட்டுகளையும் விட்டுவிட்டுச் சுற்ற வேண்டும். முதல் ஓட்டத்தில் புகை வரும், அது அடங்கிவிடும்.

ராப்புக்கு விலையும் உண்டு. சூட்டை உள்ளேயே பிடித்து வைப்பதால் குழாயின் உலோகமே முன்பை விடச் சூடாகிறது. சாதாரண எஃகுக் குழாயில் ஈரம் தங்கித் துரு தின்னும். மெல்லிய சுவருள்ள, வெல்டிங் சுமாரான மேனிஃபோல்டில் விரிசல் சீக்கிரம் வரும். எல்லாவற்றையும் விட மோசமானது ஆயில் கசிவு. வால்வ் கவர் கேஸ்கெட் சொட்டுகிற எஞ்சினில் ராப் சுற்றினால், அது ஆயிலை உறிஞ்சி வைத்துக்கொண்டு ஒருநாள் தீப்பிடிக்கும். இந்த எஞ்சினில் சிலிண்டர் ஹெட் பக்கவாட்டில் படுத்திருப்பதால், வால்வ் கவர் கசிந்தால் ஆயில் நேராக மேனிஃபோல்டு மேல்தான் விழும். கேஸ்கெட் மாற்றாமல் ராப் பக்கம் போகவே கூடாது. மேனிஃபோல்டுக்கு உள்ளும் வெளியும் செராமிக் பூச்சு, அப்பைப்புக்கும் டவுன்பைப்பின் மேல் பாதிக்கும் ராப், டர்பைனுக்கு பிளாங்கெட்: பொதுவாக நான் பரிந்துரைப்பது இந்தக் கலவைதான்.

அடுத்தது மறிப்பு. தகடும் குழாயும் ஒட்டி நின்றால் அந்தத் தகடு இன்னொரு அடுப்பாகிவிடும். இரண்டுக்கும் நடுவே 10 முதல் 15 மில்லிமீட்டர் காற்று இடைவெளி வேண்டும், தகட்டுக்கும் காக்கப்படும் பாகத்துக்கும் நடுவேயும் அப்படியே. டர்பைனுக்கு மிக அருகில் ஸ்டெயின்லெஸ் தகடு போடுங்கள்; அலுமினியம் 660 டிகிரியில் உருகும், அதற்கு வெகு முன்பே பலம் இழக்கும். தள்ளி இருக்கும் இடங்களுக்குப் புள்ளி அமுக்கிய அலுமினியத் தகடு நன்றாக வேலை செய்யும். தங்க நிற ஒட்டுத்தாளைப் பற்றி ஒரு வார்த்தை: அது கதிர்வீச்சைத் திருப்பியனுப்பும் பொருள். ஃபயர்வாலிலோ இன்டேக் குழாயிலோ டர்போவைப் பார்த்த பக்கத்தில் ஒட்டினால் பலன் உண்டு. அழுக்கும் ஆயிலும் படிந்தால் பாதிப் பலன் போய்விடும், துடைத்து வைத்திருக்க வேண்டும்.

எஞ்சின் இழுக்கும் காற்றுக்கு வருவோம், இங்கே கணக்கே எல்லாவற்றையும் சொல்லிவிடும். அழுத்த விகிதம் 2 (கம்ப்ரசர் காற்றழுத்தத்தை இரட்டிப்பாக்குகிறது), கம்ப்ரசர் திறன் 70 சதவீதம், இண்டர்கூலரின் செயல்திறன் 70 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வாயில் 40 டிகிரிக் காற்று நுழைந்தால் கம்ப்ரசரை விட்டு வெளிவரும்போது 138 டிகிரி. இண்டர்கூலர் மேல் 40 டிகிரிக் காற்று அடித்தால் எஞ்சினுக்குள் போவது 69 டிகிரி. போனட்டுக்குள் தேங்கிய 60 டிகிரிக் காற்றே வாயிலும் இண்டர்கூலர் மேலும் வந்தால், வெளியேற்றம் 164, எஞ்சினுக்குள் போவது 91. அடர்த்தி ஆறு சதவீதம் குறைகிறது, அது பெரிய விஷயமில்லை. 22 டிகிரி கூடுதல் சூடு நாக்கிங்கை இழுத்து வருவதுதான் பெரிய விஷயம். நாக்கிங் வந்தால் எஞ்சினின் கணினி இக்னிஷனைப் பின்தள்ளும், அதாவது தீப்பொறியைத் தாமதமாக்கும். பின்தள்ளினால் எக்ஸாஸ்ட் இன்னும் சூடாகும். அந்தச் சூடு டர்பைன் வழியாக மறுபடி போனட்டுக்குள் வரும்.

இந்த வண்டியில் இன்னொரு சிக்கல் உண்டு. காற்றின் வெப்பநிலையை அளக்கும் சென்சார், உள்ளே போகும் காற்றின் அளவைக் கணக்கிடும் மாஸ் ஏர்ஃப்ளோ மீட்டருக்குள், அதாவது டர்போவுக்கு முன்னாலேயே இருக்கிறது. இண்டர்கூலர் கொதித்துப் போயிருப்பது கணினிக்குத் தெரியாது. நாக் சென்சார் கத்தினால்தான் விழித்துக்கொள்ளும். ஓபிடி கருவியில் (கணினியின் அளவுகளைப் படிக்கும் கருவி) ‘இன்டேக் டெம்பரேச்சர் 42’ என்று பார்த்து நிம்மதி அடைபவர்கள் பார்ப்பது ஏர்பாக்ஸின் சூட்டைத்தான். இண்டர்கூலருக்கு அப்பால் தனி சென்சார் போடாமல் இந்த வண்டிக்கு மேப் (கணினியின் எரிபொருள், இக்னிஷன் அட்டவணை) எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. அதே மாதிரி, திறந்த கூம்பு ஃபில்டரை எஞ்சின் பக்கத்தில் தொங்கவிடுவதும் வேண்டாம். சத்தம் கிடைக்கும், கூடவே சூடான காற்றும் குழம்பிய ஏர்ஃப்ளோ அளவும் கிடைக்கும். தொழிற்சாலை ஏர்பாக்ஸ் வெளிக்காற்றை எடுக்கிறது. அதில் நல்ல பேனல் ஃபில்டர் போட்டால் தெருவில் ஓடும் வண்டிக்குப் போதும்.

மேல் இண்டர்கூலரை வைத்திருப்பவர்கள் போனட்டைத் திறந்து, ஸ்கூப்புக்கும் இண்டர்கூலருக்கும் நடுவே உள்ள சீலைப் பாருங்கள். பழைய வண்டிகளில் அது கிழிந்து, சப்பிப் போய் இருக்கும். சீல் இல்லாவிட்டால் ஸ்கூப் காற்று ஃபின் வழியாகப் போகாமல் சுற்றி வழியும். சூடு தாங்கும் மூடிய செல் ஃபோம் பட்டையை வெட்டி ஒட்டுவது அரை மணி நேர வேலை. முன் இண்டர்கூலருக்கு மாறினால் நெரிசலில் ஊறும் சூடு குறையும், பதிலுக்கு ரேடியேட்டருக்கும் ஏசி கண்டென்ஸருக்கும் போகும் காற்று குறையும். மேப் கட்டாயம் மறுபடி எழுத வேண்டும்.

வெளியேற்றத்தில் எல்லோரும் செய்வது, போனட்டின் பின் கீல்களுக்கு அடியில் வாஷர் வைத்து உயர்த்துவது. நின்றிருக்கும்போது அந்த இடுக்கு வழியாகச் சூடு மேலேறும், சரிதான். ஓடும்போது முன் கண்ணாடியின் அடிப்பகுதி உயர் அழுத்தப் பகுதி. காற்று வெளியே வராமல் உள்ளே நுழையும், ரேடியேட்டர் வழியான ஓட்டம் குறையும். கேபினுக்கு வெளிக்காற்று எடுக்கும் வாயும் அங்கேதான் இருக்கிறது. சின்ன எக்ஸாஸ்ட் கசிவு இருந்தாலும் அந்தப் புகை உள்ளே வரும். வென்ட் வெட்டுவதானால் ரேடியேட்டருக்குச் சற்றுப் பின்னால், போனட்டின் முன் பாதியில் வெட்டுங்கள். அங்கே அழுத்தம் குறைவு. கம்பளி நூல் துண்டுகளை ஒட்டி ஓட்டிப் பார்த்தால் காற்று எந்தப் பக்கம் போகிறது என்பது தெரியும். டர்போவுக்கு நேர் மேலே திறப்பு வைத்தால் மழைத் தண்ணீர் சூடான வார்ப்பிரும்பில் விழும். அடியில் ஒரு வடிகால் தட்டு வையுங்கள். எஞ்சினுக்குக் கீழே உள்ள அடித்தட்டைக் கழற்றி எறிவதும் வேண்டாம். அது இல்லாவிட்டால் கீழிருந்து ஏறும் காற்று எஞ்சின் அறையின் அழுத்தத்தை ஏற்றி, ரேடியேட்டர் வழியாக வரவேண்டிய காற்றைத் தடுக்கும்.

வலப்பக்க ஸ்டீயரிங் உள்ள ஜப்பான், பிரிட்டன், ஆஸ்திரேலிய வண்டிகளில் பிரேக் மாஸ்டர் சிலிண்டர் டர்போவின் பக்கத்திலேயே இருக்கிறது. டாட் 4 பிரேக் திரவத்தின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி, ஈரம் உறிஞ்சிய பிறகு 155 வரை இறங்கலாம். பிரேக் பெடல் வழக்கத்தை விட ஆழமாக அமுங்குவது தெரிந்தால் வண்டியை ஓட்டாமல் நிறுத்துங்கள். நடுவே தகடு வையுங்கள், திரவத்தை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். வலது முன் ஆக்ஸிலின் உள்பக்க சிவி பூட் (மூட்டை மூடும் ரப்பர் உறை) எக்ஸாஸ்ட் குழாயை ஒட்டி இருப்பதால் வெந்து கிழியும். கிரீஸ் குழாயில் தெறித்துப் புகைந்தால் அதுதான் காரணம். பிவிசி உறை போட்ட வயர் 105 டிகிரிக்கு மேல் நிற்காது. அந்தப் பக்கத்து வயரிங்கை நகர்த்த முடிந்தால் நகர்த்துங்கள், முடியாவிட்டால் கண்ணாடி இழை உறை போடுங்கள். ஆயில் ஆவி போகும் ஹோஸுக்குச் சாதாரண சிலிக்கோன் ஆகாது, உள்ளே ஃப்ளோரோ பூச்சுள்ளது வேண்டும்.

எஞ்சினை நிறுத்திய பிறகுதான் போனட்டுக்குள் பல பாகங்கள் உச்ச சூட்டைத் தொடுகின்றன. காற்றோட்டம் நின்றுவிடும், கூலன்ட் பம்ப் நின்றுவிடும், டர்பைனின் சூடு நடுக்கூட்டுக்கு ஊறும். சுபாரு இதற்காகவே டர்போவின் கூலன்ட் குழாயை மேலே ஒரு தொட்டியோடு இணைத்திருக்கிறது. பம்ப் இல்லாமலே சூடான கூலன்ட் மேலேறிக் குளிர்ந்தது கீழிறங்கும். இடம் வேண்டுமென்று அந்தத் தொட்டியை எடுத்துவிடுகிறார்கள். எடுத்தே ஆக வேண்டுமானால், வேறு எங்கு வைத்தாலும் டர்போவை விட உயரமாக, குழாய் தொடர்ந்து மேலேறும்படி வையுங்கள். வேகமாக ஓட்டிய பிறகு கடைசி இரண்டு கிலோமீட்டரைப் பூஸ்ட் ஏறாமல் ஓட்டி வந்தால், நின்றபடி ஐடிலில் விடுவதை விட நல்லது.

சோதனையையும் அதற்கேற்பச் செய்யுங்கள். இருபது நிமிடம் ஓட்டி, நிறுத்தி, பத்து நிமிடம் ஊறவிட்டு, மறுபடி ஸ்டார்ட் செய்து இண்டர்கூலருக்கு அப்பால் உள்ள காற்றின் சூடு எத்தனை நிமிடத்தில் பழைய நிலைக்கு இறங்குகிறது என்று குறித்து வையுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். அதே சாலை, அதே பெட்ரோல், கிட்டத்தட்ட அதே வெயில். 500 கிலோமீட்டர் ஆனதும் பிளாங்கெட் கம்பிகளையும் ராப் கட்டுகளையும் மறுபடி இறுக்கி, லேபிள்களைப் புதிதாக மாற்றி, துணியில் எங்காவது ஆயில் கறை தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.